நடுக் காதுக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. தங்கள் நலமும் சம்பந்தியம்மாள் நலமும் அறிய ஆவல். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். என் நலம், தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமானவர் நாளைக்குப் பெட்டியோடு என் சலவைக் கடை வாசலில் வந்து இறங்கும் வரைக்கும் எப்படியோ ஓடும். அதற்கப்புறம் உத்தரவாதம் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்பதால் கடையின் இஸ்திரிக்காரர் கையிலேயே கொடுத்து முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தாங்கள். போனில் பேசினால் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள். கேள்வி கேட்டால் எனக்கு வாய் உளறும். கடிதத்தில் நான் பாட்டுக்கு உளறிக்கொண்டு போகலாம், யாரும் தடுக்க முடியாது.

முதலில் ஒரு பழைய சங்கடத்தை நினைவுபடுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய முதல் சந்திப்பில் தங்கள் கன்னத்தில் இருந்த மச்சத்தை மை என்று நினைத்து, என் கைக்குட்டையை ஈரப்படுத்தி நான் துடைத்தது தங்களுக்கு மறந்திருக்காது. மூன்று முறை துடைத்த பிறகுதான் தாங்கள் "அது பிறவியிலேயே இருக்குங்க" என்றீர்கள். என் தொழில் அப்படி. எங்கே கறை தெரிந்தாலும் என் கை தானாகப் போய்விடும், புத்தி பின்னால்தான் வரும். கல்யாணத்தன்றும் அதே கதைதான். மாப்பிள்ளை சட்டைப் பையோரம் ஒரு சொட்டுக் காப்பி பட்டுவிட்டது. அத்தனை விருந்தாளிகள் நடுவே நான் ஓடிப்போய் அவர் நெஞ்சில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். கறை போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து மாப்பிள்ளை என் கைக்கு எட்டாத தூரத்தில்தான் உட்காருவார். கல்யாணம் ஆகி இத்தனை மாதத்தில் என்னோடு அவர் பேசியது "ம்", "சரிங்க", "போதுங்க" என்ற மூன்றே வார்த்தைதான். அதில் "போதுங்க"தான் அதிகம்.

நான் விட்டுவிடவில்லை. அவரோடு எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று பார்த்தேன். அரசியல் பேசினேன், "ம்" என்றார். மழை வருமா என்று கேட்டேன், "சரிங்க" என்றார். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டேன். என் மனைவிதான், "அவரைச் சும்மா விடுங்களேன். நீங்க வாயைத் திறந்தாலே அவர் சட்டையைக் குனிஞ்சு பார்த்துக்கறார்" என்றாள். உண்மைதான் சம்பந்தி. அந்தப் பையன் என்னைப் பார்த்தால் முதலில் தன் சட்டையைத்தான் சரிபார்க்கிறார். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் புருஷன் என்னைப் பார்த்துப் பயப்படுவதை நினைத்தால் நிஜமாகவே மனசு கஷ்டப்படும்.

இனி லொள்ளி விவகாரம். கல்யாணப் பேச்சு நடந்தபோது தாங்கள் என்னைத் தனியே அழைத்து, "பையனுக்குக் குடி கிடையாது, புகை கிடையாது. ஒரே ஒரு பழக்கம், லொள்ளி சேர்ப்பான்" என்றீர்கள். நான் அதை லொள்ளு என்று காதில் வாங்கிக்கொண்டு, வயசுப் பையன், கொஞ்சம் லொள்ளு இருக்கத்தான் செய்யும் என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன். லொள்ளி என்பது ஒரு பொம்மை என்றும், உள்ளங்கை அளவில் உடம்பெல்லாம் ரோமமாக, நாய்க்கு இருக்க வேண்டியதெல்லாம் இருந்து ஒரு காது மட்டும் கூடுதலாக இருக்கும் என்றும், அதைப் பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துச் சேர்க்கிறார்கள் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் அவர் வீட்டு அலமாரியைப் பார்த்து, "நாய் பொம்மை நிறைய இருக்கே மாப்பிள்ளை" என்றேன். "நாய் இல்லைங்க, நாயினம்" என்றார். என்னோடு அவர் பேசிய நாலாவது வார்த்தை அது. ஆகவே எனக்கும் அந்த நாயினத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

போன மாதம் அவர் வேலை விஷயமாக வெளியூர் போக வேண்டி வந்தது. என் மகளும் கூடப் போகிறாள். அதே சமயம் அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள், தூசி படும் என்று லொள்ளிகளை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்து என் கடைக்கே கொண்டுவந்தார். என்னை நம்பி! நான் துணி வைக்கும் கண்ணாடி அலமாரியில் இரண்டு தட்டைக் காலி செய்து, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக அவரே அடுக்க, நான் மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றேன். மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு இவர் மட்டும் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மாமா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அதுல ஒரு சாம்பல் கலர் இருக்கு. நடுக் காதுக்குப் பின்னாடி புள்ளி மாதிரி தெரியும். பார்த்து எடுத்துடுங்க. லேட் பண்ணா வேலைக்கு ஆகாது. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அவகிட்டயும்."

எண்ணிப் பாருங்கள் சம்பந்தி, எத்தனை வார்த்தை! நான் அப்படியே உருகிவிட்டேன். மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "அப்பா, அவர் உங்ககிட்ட தனியா ஏதோ பேசினாராமே. அதிசயமா இருக்கு. தயவுசெஞ்சு கெடுத்துடாதீங்கப்பா" என்றாள். கெடுப்பதாவது! நான் அன்றே சாம்பல் நிற லொள்ளியை எடுத்து நடுக் காதை விலக்கிப் பார்த்தேன். சொன்னபடியே இருந்தது. கருப்பாக ஒரு புள்ளி, அதை ஒட்டிச் சிவப்பாக ஒரு புள்ளி, இரண்டும் மிளகு அளவுதான். நான் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, ரோமத்தின் போக்கிலேயே, குழந்தைக்கு முகம் துடைப்பது போல் துடைத்தேன். கருப்பு ஒரே இழுப்பில் வந்தது. சிவப்பு இரண்டாவது இழுப்பில் வந்தது. இவ்வளவு சுலபமாக வரும் கறைக்கா மனுஷன் இத்தனை தயங்கினார் என்று நினைத்துக்கொண்டு, இளஞ்சூட்டில் காற்றுக் காட்டி, ரோமத்தைச் சீவி, இருந்த இடத்தில் வைத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக அழகான வேலைகளில் அதுவும் ஒன்று. அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாக வேண்டும் போலப் பசித்தது என்று எழுத நினைத்தேன். உண்மையில் மூன்று சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் பல் டாக்டர் வரும் வரைக்கும்தான். இவர் எங்கள் தெருமுனையில் வைத்தியம் பார்ப்பவர். அவருடைய வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். கோட்டைக் கொடுக்க வந்தவர் அலமாரியைப் பார்த்ததும் கோட்டைக் கீழே போட்டுவிட்டார். அவரும் லொள்ளி சேர்ப்பவராம். சேர்ப்பவர்கள் எல்லாம் கூடும் லொள்ளி வட்டத்துக்கு அவர்தான் தலைவராம். எங்கள் மாப்பிள்ளையும் அந்த வட்டத்தில் இருக்கிறாராம். "உங்க மாப்பிள்ளையா சார் அவர்? கூட்டத்துல வாயே திறக்க மாட்டாரே!" என்றார். எனக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. அப்புறம் அவர் தானாகவே ஒரு பாடம் எடுத்தார். லொள்ளியின் ரோமம் பருவத்துக்குப் பருவம் மாறுமாம். உள்ளே ஒளிந்திருக்கும் சாயம் வெயிலில் ஒரு விதமாகவும், குளிரில் ஒரு விதமாகவும் தெரியுமாம். கோடு வரும், திட்டு வரும், நெற்றியில் பிறை வரும். அதெல்லாம் சாதாரணம்.

"ஆனா குளிர் ஆரம்பிக்கிற இந்தப் பருவத்துல ஆயிரத்துல ஒண்ணுக்குத்தான் அது வரும் சார். நடுக் காதுக்குப் பின்னாடி. கருப்பா ஒரு புள்ளி, பக்கத்துலயே சிவப்பா ஒரு புள்ளி. நாங்க அதைக் கரும்புள்ளி செம்புள்ளின்னே சொல்றது. படத்துலதான் பார்த்திருக்கோம். நம்ம வட்டத்துல யாருக்கும் வந்ததில்லை. உங்க மாப்பிள்ளை ரெண்டு குளிர்காலமா அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கார். சில சமயம் வந்துட்டு மறைஞ்சுடும். அதனால கண்ணுல பட்டா உடனே எடுத்துடுங்க!"

"எதை டாக்டர்?"

"படத்தைத்தான் சார். வேற எதை?" என்று போனை எடுத்துக் காட்டினார்.

சம்பந்தி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. எடுத்துடுங்க! உலகத்தில் எல்லோரும் அந்த வார்த்தையைக் கேட்டால் போனை எடுப்பார்கள். என் ஒருவன் கைதான் பஞ்சை எடுக்கும். ஒரு வக்கீலோ வாத்தியாரோ மாமனாராக வாய்த்திருந்தால் அந்தப் பையனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. லேட் பண்ணா வேலைக்கு ஆகாது என்றாரே, அது மறைந்துவிடும் என்ற பயம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாரே, அது அபூர்வம் என்பதால். ஆயிரத்தில் ஒன்றுக்கு வரும் அடையாளம், அதற்காக இரண்டு வருஷம் காத்திருந்த மனுஷன், அதை நம்பி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை இரண்டே இழுப்பில் துடைத்துவிட்டு அதற்குப் பெருமையும் பட்டேன். கரும்புள்ளி செம்புள்ளியாம்! அதை எனக்குக் குத்திக் கழுதை மேல் ஏற்றினால் சரியாக இருக்கும்.

டாக்டர் போனதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன். குளிரில் வரும் என்றாரல்லவா, குளிர்தானே வேண்டும், அது நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறதே என்று சாம்பல் லொள்ளியைக் கொண்டுபோய் ஐஸ் வைக்கும் தட்டில் உட்காரவைத்தேன். அது தனியாக இருந்தால் போட்டி இருக்காது என்று துணைக்கு நாலு லொள்ளிகளையும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. மனைவி பட்டாணி எடுக்கத் திறந்தவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். "என்னங்க இது, அஞ்சும் என்னையே முறைக்குது!" என்றாள். புள்ளி வரவில்லை. ரோமம் விறைத்ததுதான் மிச்சம். அதைச் சீக்கிரம் காய வைக்க வேண்டுமே என்று இஸ்திரிக்காரரிடம், "லேசா ஆவி காட்டுப்பா" என்று கொடுத்தேன். அவர் சொன்னதைச் செய்பவர், ஆனால் கொஞ்சம் கூடுதலாகச் செய்பவர். ஒரு பழுப்பு லொள்ளிக்கு ஆவி காட்டி, அப்படியே மடிப்பு வைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டார். அதன் மூக்கு உள்ளே போய்விட்டது. இப்போது அது நாயினமா வேறு இனமா என்று பார்த்துச் சொல்வதற்கில்லை. அதை மட்டும் அலமாரியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். போன புள்ளியை நானே வைத்துவிடுவது. மனைவியிடம் யோசனை கேட்டேன். "ஆயுசு பூரா கறையை எடுத்தீங்க. இப்ப கறையை வைக்கறது எப்படின்னு என்கிட்ட கேக்கறீங்களா?" என்றாள். கேட்டதில் தப்பில்லை சம்பந்தி. எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம், அப்படி இல்லை. சாதாரணமாக ஒரு மனுஷன் சாப்பிட உட்கார்ந்தால் நாலு கறை தானாக வரும். நான் வேண்டுமென்று உட்கார்ந்து முயற்சி செய்தேன், மிளகு அளவில் ஒன்று வரவில்லை. இங்கே தங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. போன தடவை வந்தபோது தாங்கள் எங்கள் குளியலறையில் ஒரு சின்னப் புட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். மீசைக்குப் போடும் மை. அதில் கொஞ்சம் தொட்டு ஒரு கிழட்டு லொள்ளியின் காதில் சோதனை செய்து பார்த்தேன். காது முழுக்கப் பரவிவிட்டது. நல்ல மை, தங்களுக்கு எப்படித்தான் ஓரத்தில் நிற்கிறதோ. தங்கள் மீசை இயற்கையிலேயே அந்த நிறம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி தானாகவே கண்டுபிடித்தாள். மகளுக்கு அவள் சொன்னாள். மாப்பிள்ளைக்கு முன்பே தெரியுமாம். இஸ்திரிக்காரர் புட்டியைப் படித்துவிட்டார். வேறு யாருக்கும் தெரியாது.

சிவப்புக்கு அதே கிழட்டு லொள்ளியின் மேல் மனைவியின் நகப்பூச்சை வைத்தேன். ரோமம் எல்லாம் ஒன்றாக ஒட்டி முள் மாதிரி நின்றது. கத்தரிக்கோலால் வெட்டினேன், அங்கே வழுக்கை விழுந்தது. பீட்ரூட் சாறு வைத்தேன், எறும்பு வந்தது. கடைசியில் இஸ்திரிக்காரர்தான், "அண்ணே, நம்ம மை இருக்கே" என்றார். துணிகள் ஒன்றோடொன்று மாறிப்போகாமல் இருக்க ஓரத்தில் அடையாளம் போடும் மை. சாதாரணத் துணிக்குக் கருப்பு, அவசரத் துணிக்குச் சிவப்பு. துணி நைந்து கிழிந்தாலும் அந்த மை போகாது. அதனாலேயே அதை நான் கடைசி வரைக்கும் நினைக்காமல் இருந்தேன். ஆனால் வேறு வழி தெரியவில்லை. ஊசி முனையில் தொட்டு, மூச்சை அடக்கி, சாம்பல் லொள்ளியின் நடுக் காதுக்குப் பின்னால் கருப்பாக ஒன்று, ஒட்டிச் சிவப்பாக ஒன்று வைத்தேன். சம்பந்தி, தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன், அச்சு அசல். பழைய புள்ளியைவிட இது நன்றாக இருந்தது. மை உலரட்டும் என்று நடுக் காதில் கிளிப்பைப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன்.

தொங்கவிட்டுத் திரும்புவதற்குள் கோட்டை வாங்கப் பல் டாக்டர் வந்து நிற்கிறார். கண் நேராகக் கொடிக்குப் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து பல்லைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். காதுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கண்டுபிடித்துவிட்டார், முடிந்தது கதை என்று நிற்கிறேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"வந்துடுச்சு சார்! தானா வந்திருக்கு! மனுஷன் கையால இந்த நேர்த்தி வராது!"

என் வேலையை இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. நன்றி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் மளமளவென்று படம் எடுத்து வட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மருத்துவமனையிலேயே விழாவாம். சாம்பல் லொள்ளியை மேஜை மேல் வைத்து, மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, நாலு வார்த்தை பேசச் சொல்லப் போகிறார்களாம். நாலு வார்த்தை! அந்தப் பையனையா!

அடுத்த அரைமணியில் மாப்பிள்ளையிடமிருந்து போன்.  

"மாமா, புள்ளி... இருக்கா?"

"இருக்கு மாப்பிள்ளை. பத்திரமா இருக்கு."

"இருக்கா?"

"அப்படியே இருக்கு."

 அப்புறம், "நான் நாளைக்கே கிளம்பி வர்றேன்" என்று வைத்துவிட்டார். குரலில் சந்தோஷமே இல்லை சம்பந்தி. இரண்டு வருஷம் காத்திருந்தவன் குரலா அது? படத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உண்மைப் புள்ளியை நான் அழித்துவிட்டு என் கைவேலையை வைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டார். நாளைக்கு வந்து என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, தாங்கிக்கொள்வேன். ஆனால் அவர் திட்ட மாட்டார். "சரிங்க" என்பார். அப்புறம் ஆயுசுக்கும் "போதுங்க"தான். மகள் என்னிடம் கெடுத்துடாதீங்கப்பா என்று கெஞ்சினாள். கேட்டவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். நேர்மைக்குப் பேர்போன தாங்கள் இதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது. உடனே புறப்பட்டு வாருங்கள். வந்து, அந்தப் புள்ளியைத் துடைத்தது தாங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் ஒருநாள் கடைக்கு வந்தீர்கள், அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பெற்ற தகப்பன் மேல் பிள்ளைக்கு வரும் கோபம் இரண்டு சாப்பாட்டில் ஆறிவிடும். மாமனார் மேல் வரும் கோபத்துக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. வேண்டுமென்றால் தங்கள் மச்சத்தை நான் துடைத்ததற்குப் பழிக்குப் பழி என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் விடாதவர் தாங்கள் என்று தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் என் பக்கம் கொஞ்சம் சாய்த்து நிறுத்தும்படி இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லவும். தாங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், கறையில்லாத துணிமணிகளோடும் வாழ வேண்டும்.

தங்கள் அன்பையும் பொய்யையும் எதிர்பார்க்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: தாங்கள் புறப்பட வேண்டாம். புறப்பட்டுவிட்டால் திரும்பிப் போய்விடவும். இஸ்திரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், நான் உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார். நாளைக்கு என்று சொன்னவர் இன்றைக்கே வந்துவிட்டார். நேராக உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "மாமா, எடுத்துடுங்கன்னு உங்ககிட்டதானே சொன்னேன், ஏன் எடுக்கல?" என்று கேட்டார். அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "படம்தானே? டாக்டர் எடுத்துட்டாரே" என்றேன். "படம் இல்ல மாமா. கறை. புள்ளியை எடுக்கச் சொன்னேன். உங்களைவிட்டா யாரால முடியும்?" என்றார்.

சம்பந்தி, முதலில் நான் புரிந்துகொண்டதுதான் சரி! அந்தப் புள்ளியை வைத்ததே மாப்பிள்ளைதான். வட்டத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு அபூர்வம் வந்துவிட்டதாம், இவருக்கு மட்டும் எதுவும் வரவில்லையாம். ஒருநாள் ஆசைக்குச் சாதாரணப் பேனாவால் வைத்துப் பார்த்திருக்கிறார். வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. துடைத்தால் ரோமம் கெட்டுவிடுமோ என்று, வெள்ளையடிப்பதைச் சாக்காக வைத்து என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். நான் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மறுபடியும் நானே வைத்து, டாக்டர் வாயால் அசல் என்றும் சொல்ல வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிரிட்ஜையும் சொன்னேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பழுப்பு லொள்ளியையும் திருப்பிக் காட்டினேன். மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார். துணி மூட்டை மேல் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், உட்கார்ந்து சிரித்தார்.

பிறகு இருவரும் சேர்ந்து புள்ளியை எடுக்க உட்கார்ந்தோம். கருப்பை நான் தேய்த்தேன், சிவப்பை அவர் தேய்த்தார். என்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் மை எங்கள் கைக்கு வந்ததே தவிரப் புள்ளி அசையவில்லை. என் கடை மை அப்படி. வேறு வழியில்லை, டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்திருக்கிறோம். "நான் மட்டும் போறேன் மாமா" என்றார். "பாதி வேலை என்னுது மாப்பிள்ளை" என்றேன். "அப்ப ரெண்டு பேரும் போவோம். பேச நீங்க ஆரம்பிங்க, நான் முடிச்சுடறேன்" என்றார்.

இந்தக் கடிதத்தையும் அவர் எடுத்துப் படித்துவிட்டார். கிழித்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அனுப்புங்க. இதை அப்பாகிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது. உங்க கையெழுத்துல போகட்டும்" என்கிறார். மீசை மைப் புட்டியையும் இத்துடன் அனுப்பச் சொன்னார், அனுப்பியிருக்கிறேன்.

நாங்கள் கிளம்புகிறோம். கையை எவ்வளவு கழுவியும் என் கட்டைவிரலில் கருப்பாக ஒரு புள்ளி, அவர் கட்டைவிரலில் சிவப்பாக ஒரு புள்ளி, போகவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கழுதை எங்க மாமா?" என்று கேட்கிறார். இத்தனை மாதத்தில் என்னோடு அவர் பேசிய முதல் லொள்ளு.